துடுப்புப் பருவம்: லீஸ் ஃபெர்ரி முதல் டயமண்ட் கிரீக் வரை

செப்டம்பர் 16 – லீஸ் ஃபெர்ரி, மைல் 0

நேற்றோடு மோட்டார் பருவம் முடிந்தது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் ஓடும் கொலராடோ ஆற்றில் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் மோட்டார் படகுகள் பயணிகளை ஏற்றிக் கிளம்பலாம். இன்று முதல் மார்ச் 31 வரை துடுப்பு மட்டும். துறையில் நிற்பவை 18 அடி ரப்பர் ராஃப்டுகள், சில கயாக்குகள், வேறொரு குழுவின் டோரிகள் எனும் மரத் துடுப்புப் படகுகள். இங்கிருந்து 226-ஆம் மைலில் டயமண்ட் கிரீக். நாலாம் மைலில் தலைக்கு மேலே நவாஹோ பாலம் கடக்கும். அதற்கப்புறம் டயமண்ட் கிரீக் வரை வண்டி வந்து நிற்கும் இடம் ஆற்றங்கரையில் ஒன்றுகூட இல்லை.

பகல் முழுக்க சாமான் ஏற்றும் வேலை. வெயில் கடுமையாக இருக்கிறது, துறையில் நிழல் குறைவு. ஐஸ் பெட்டிகளை அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. கடைசி வாரத்துக்கான பெட்டிகளில் எல்லாவற்றையும் உறையவைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, திறக்கவேண்டிய தேதியை மேலே எழுதிவிட வேண்டும். அந்தத் தேதி வரும்வரை யாரும் தொடக்கூடாது. மேலே ஈரச்சாக்கு போட்டு, அது காயக்காய ஆற்றுநீர் ஊற்ற வேண்டும். இலைக்கீரை வகைகள் மூன்று நாளில் அழுகிவிடும். முட்டைக்கோசும் கேரட்டும் வெங்காயமும் கடைசிவரை தாங்கும். ரொட்டி நசுங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சப்பாத்தி போன்ற டார்ட்டியாதான் எல்லாக் குழுக்களும் எடுத்துப்போவது.

பூங்கா அதிகாரியான ரேஞ்சரின் சோதனை நிதானமாக நடக்கும். அடையாள அட்டை, ஆளுக்கொரு மிதவைச் சட்டை, உபரிச் சட்டை, உபரித் துடுப்பு, பழுதுபார்க்கும் பெட்டி, முதலுதவிப் பெட்டி, விமானத்துக்குச் சைகை காட்டக் கண்ணாடி, பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டச் சல்லடை, தீத்தட்டு. தீத்தட்டு குறைந்தது 300 சதுர அங்குலம், விளிம்பு 3 அங்குலம். அடியில் விரிக்கத் தீப்பிடிக்காத துணியும் வேண்டும். இல்லாவிட்டால் தெறிக்கும் கரித்துண்டுகள் மணலில் கலந்து, கரை வருஷக்கணக்கில் கறுப்பாகவே கிடக்கும்.

சோதனையில் மிக அதிக நேரம் எடுப்பது கழிப்பறைப் பெட்டி. திடக்கழிவு முழுவதையும் வெளியே எடுத்துவர வேண்டும் என்பது இந்த ஆற்றில் விலக்கில்லாத விதி. பயன்படுத்துவது பழைய ராணுவ ராக்கெட் பெட்டி. அந்தக் காலத்தில் இருக்கை இல்லாமல் பெட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து தொடையில் தடம் விழுந்ததால் அதற்குக் குரூவர் என்று பெயர் (ஆங்கிலத்தில் க்ரூவ் என்றால் தடம்). ஒரு பெட்டி சுமார் 50 தடவைக்குத் தாங்கும். 16 பேர், 16 நாள் என்றால் 256. ஆறு பெட்டி கட்டாயம், ஒன்று உபரி. சிறுநீர் இந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது. போனால் கணக்கு பாதியில் உடையும், வெயிலில் வாயு கூடி மூடி உப்பும். அப்படி உப்பிய மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும். நிரம்பிய பெட்டிகளை ஈரத்துணி போர்த்திப் படகின் நிழல் பக்கம் வைப்பது நல்லது.

செலவைப் பற்றி ஒரு வரி. வழிகாட்டி நிறுவனம் இல்லாமல் தாங்களே துடுப்புப் போட்டு வருபவர்களுக்கு அனுமதி குலுக்கலில்தான். விண்ணப்பத்துக்கு 25 டாலர், அது திரும்பாது. கிடைத்தால் பெரிய குழுவுக்கு 400 டாலர் முன்பணம், 8 பேருக்குள் என்றால் 200. பெரிய குழு என்றாலும் 16 பேருக்கு மேல் கூடாது.

செப்டம்பர் 17 – பரியா, பேட்ஜர், சோப் கிரீக்

காலையில் பச்சை நிறத்தில் இருந்த ஆறு முதல் மைலிலேயே வலதுகரையில் பரியா கலந்ததும் பாதி செம்மண்ணாக மாறியது. மேலே எங்கோ மழை. பரியா கொண்டுவரும் அந்தக் கலங்கல்தான் இனி வரும் மணற்கரைகளுக்கு உயிர். லீஸ் ஃபெர்ரிக்குச் சுமார் 15 மைல் மேலே க்ளென் கேன்யன் அணை 1963-இல் மதகை மூடியதிலிருந்து, மேலிருந்து வந்துகொண்டிருந்த மணலில் 90 சதவீதத்துக்கு மேல் அணைக்குப் பின்னால் தேங்கிய பவல் ஏரியில் தங்கிவிடுகிறது. கரையில் முகாமிட இடம் குறைவதற்கு வருகிறவர்களின் கால்மிதியைவிட இதுவே பெரிய காரணம்.

இங்கே ரேபிட்டுகளை, அதாவது பாறைகளுக்கு இடையே ஆறு அலையடித்துப் பாயும் இடங்களை, உலகமெங்கும் போல ஆறு வகுப்பாகப் பிரிப்பதில்லை, பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எட்டாம் மைலில் பேட்ஜர், பதினோராம் மைலில் சோப் கிரீக். இரண்டும் நேர்வழி. அலை பெரிது, ஆனால் தப்பு செய்தாலும் மன்னிக்கும்.

மாலையில் மணற்கரையில் படகு கட்டும்போது பார்க்க வேண்டியது நீர்மட்டக் குறி. அணையிலிருந்து வரும் நீர் மின்தேவையைப் பொறுத்துத் தினமும் ஏறி இறங்குகிறது. பகலில் விநாடிக்கு 8,000 கன அடிக்குக் குறையக்கூடாது, இரவில் 5,000-க்குக் குறையக்கூடாது, மேல்வரம்பு 25,000 என்று வரையறை உண்டு. அணையில் மதியம் கூட்டினால் அந்த ஏற்றம் கீழே வந்துசேர மணிக்கணக்காகும். 88-ஆம் மைலுக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட ஒரு நாளே கடந்துவிடும். ஒவ்வொரு முகாமிலும் ஏற்றமும் வடிவும் வெவ்வேறு நேரத்தில் வருவது இதனால்தான். வந்ததும் நீர்விளிம்பில் ஒரு குச்சி நட்டு, படுக்கப்போகும் முன் மறுபடி பார்க்க வேண்டும். குச்சி நீருக்குள் போயிருந்தால் இரவில் அடுப்பு நனையலாம். குச்சிக்கும் நீருக்கும் இடையே மணல் தெரிந்தால் படகு தரைதட்டப்போகிறது.

செப்டம்பர் 18 – ஹவுஸ் ராக், மைல் 17

விடிந்தபோது இரண்டு படகுகள் நீர்விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தன. ஏற்றிய ராஃப்டைப் பத்துப் பேர் தள்ளினாலும் நகராது. ஐஸ் பெட்டிகளை இறக்கி, ஒருபக்கக் குழாயின் காற்றைக் குறைத்து, அடியில் துடுப்பைக் கொடுத்து நெம்பினால் நகரும். இல்லையென்றால் அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருப்பதுதான் வழி. பயணம் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பின்னால் வரும் குழுவோடு முட்டும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

ஹவுஸ் ராக்கில் நீரோட்டம் முழுவதும் இடது சுவரை நோக்கி ஓடுகிறது. கீழே இடப்பக்கம் இரண்டு பெரிய குழிகள், நீர் பின்னோக்கிச் சுருண்டு படகைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள். படகின் மூக்கை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மேலேயிருந்தே வலப்பக்கமாகப் பின்னிழுத்துக்கொண்டு வர வேண்டும். பாதியில் இழுக்கத் தொடங்கினால் பலன் இல்லை.

சிறுநீர் விதி புதிதாக வருகிறவர்களைத் திகைக்க வைக்கிறது. மற்ற மலைப்பாதைகளில் நீரிலிருந்து 200 அடி தள்ளிப் போகச் சொல்வார்கள். இங்கே நேர்மாறு: ஆற்றிலேயே, அல்லது நீர்விளிம்பின் ஈரமணலில். அடிப்பள்ளத்தில் மழை மிகக் குறைவு, கரைகள் சிறியவை, ஒரே கரையில் பருவம் முழுக்க இரவுக்கு இரவு புதுக் குழு இறங்கும். உலர்மணலில் விட்டால் கழுவிப்போக எதுவும் இல்லை, ஒரு மாதத்தில் கரையே நாறும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான கன அடி ஓடும் ஆற்றில் அது ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும். இரவில் நடந்துபோகச் சோம்பல்பட்டு கூடாரத்துக்குப் பின்னால் போகிறவர்களால்தான் இந்த விதி தோற்கிறது. ஆளுக்கொரு மூடியுள்ள வாளி இருந்தால் தீர்ந்தது.

செப்டம்பர் 19 – ரெட்வால் கேவர்ன், மைல் 33

1869-இல் இந்த ஆற்றில் இறங்கிய ஜான் வெஸ்லி பவல், இந்தக் குகையில் 50,000 பேர் உட்காரலாம் என்று மதிப்பிட்டார். மிகைதான், ஆனாலும் உள்ளே நின்று பார்த்தால் அப்படி ஏன் தோன்றியது என்று புரியும். தங்கவும் தீமூட்டவும் தடை. மணல் சுத்தமாக இருக்கிறது, நேற்று வந்தவர்களின் காலடி தவிர வேறு ஒன்றுமில்லை.

குகையில் டோரிக் குழு முன்பே இறங்கியிருந்தது. அவர்களின் தலைவி நேராக வந்து முதலில் கேட்டது: "இன்று இரவு எங்கே தங்குவதாக இருக்கிறீர்கள்?" இந்த ஆற்றில் வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம் அதுதான். முகாம்களுக்கு முன்பதிவு கிடையாது. மார்பிள் கேன்யனின் இந்தப் பகுதியில் 16 பேர் படுக்கும் அளவுக்குக் கரைகள் குறைவு. அவர்களுக்குப் பெரிய கரை தேவை, இன்னும் நான்கு மைலில் நிற்க எண்ணம். இந்தக் குழு ஆறேழு மைல் போகலாம். பேசி முடிக்க இரண்டு நிமிடம். ஒரு படகை மட்டும் முன்னால் ஓட்டவிட்டு இடம் பிடிப்பதுதான் ஆற்றில் மிகக் கெட்ட பழக்கமாகக் கருதப்படுகிறது. அப்படி ஒரு குழு செய்தால் மற்றக் குழுக்களும் செய்யும். பிறகு எல்லாரும் நாள் முழுக்கப் பந்தயம்தான் ஓட வேண்டும்.

39-ஆம் மைலைத் தாண்டும்போது சுவரில் துளைகள் தெரிகின்றன. மார்பிள் கேன்யன் அணைக்காகப் பாறையைச் சோதிக்கத் தோண்டியவை. அந்த அணை வரவில்லை. 1975-இல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.

நாள் முழுக்க எஞ்சின் சத்தம் இல்லை. வழியில் கேட்டது துடுப்புப் பூட்டின் கிரீச்சும், பாறைக்குருவியின் இறங்குகுரலும், அடுத்த ரேபிட்டின் இரைச்சலும். 1967-இல் 2,099 பேர் இந்த ஆற்றில் போனார்கள். 1972-இல் 16,432 பேர். ஐந்தே வருஷத்தில் எட்டு மடங்கு. அப்போதுதான் பூங்கா நிர்வாகம் எண்ணிக்கையை நிறுத்திப்பிடித்தது. அடுத்து மோட்டாரையே படிப்படியாக நீக்க ஒரு திட்டம் வகுத்தது. 1980-இல் செனட்டர் ஆரின் ஹாட்ச் கொண்டுவந்த திருத்தம் அதற்கான பணத்தை முடக்கியதால் திட்டம் நின்றது. அதே 1980-இல் பூங்காவின் பெரும்பகுதியை, பொதுவாக எஞ்சின்களுக்கு இடம் தராத வனாந்தரச் சட்டத்தின்கீழ் கொண்டுவரும் பரிந்துரையும் தயாரானது. நாடாளுமன்றம் இன்றுவரை அதை எடுத்து முடிவுசெய்யவில்லை. பரிந்துரைத்த இடங்களை வனாந்தரமாகவே பாவித்து நடத்துவது பூங்காத் துறையின் கொள்கை. ஆனால் ஆற்றின்மேல் ஆண்டுக்கு ஐந்தரை மாதம் எஞ்சின் ஓடும். அந்த ஐந்தரை மாதமும் மீதி ஆறரை மாதமும் நீண்ட சண்டைக்குப் பின் வந்த சமரசம். என் கருத்தில், மோட்டார் படகை எதிர்ப்பவர்கள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாதவர்களும் முதியவர்களும் இந்த ஆற்றைப் பார்ப்பது பெரும்பாலும் அதில்தான். அதற்காக முழு ஆண்டையும் கொடுத்துவிட முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

செப்டம்பர் 20 – நான்கோவீப், மைல் 53

சுவரின் இடுக்கில், ஆற்றுக்கு நூற்றுக்கணக்கான அடி உயரத்தில், மூதாதைப் பியூப்ளோ மக்கள் கட்டிய தானியக் களஞ்சியங்கள். நான்கு சதுர வாசல்கள் கீழிருந்தே தெரியும். ஏற்றம் செங்குத்து. காலை நிழல் இருக்கும்போதே ஏறி இறங்கிவிட வேண்டும்.

பாதையில் கவனிக்க வேண்டியது குறுக்குவழிகள். ஒருவர் வளைவைத் தவிர்த்து நேராக இறங்கினால் அடுத்தவருக்கு அது பாதையாகத் தெரியும். இரண்டு பருவத்தில் ஒரு சரிவில் ஐந்து தடங்கள், அடுத்த மழையில் ஐந்தும் ஓடைகள். நிர்வாகம் செய்வது எளிய வேலை: ஒன்றைக் கற்களால் தெளிவாக வரையறுத்து, மற்றவற்றில் காய்ந்த முள்ளும் பாறையும் கிடத்தி மறைக்கும். மண்ணின்மேல் கறுப்பாகப் புடைத்துக் கிடக்கும் பொருக்கு உயிருள்ளது. பாசியும் நுண்ணுயிரும் மண்ணைப் பிணைத்து வளர்ந்தது. ஒரு மிதியில் நொறுங்கி, மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

இன்னொன்று, பானையோட்டுத் துண்டுகள். பலர் அவற்றை எடுத்துப்போவதில்லை, ஆனால் ஒரு தட்டையான பாறைமேல் அழகாகச் சேர்த்து வைக்கிறார்கள். அதுவும் சேதம்தான். எந்த இடத்தில் எந்த ஓடு கிடந்தது என்பதே தொல்லியலுக்குச் செய்தி. பாறைமேல் குவிந்தபின் அந்தச் செய்தி அழிந்துவிட்டது.

முகாமில் காக்கைகள். இங்குள்ள பெரிய அண்டங்காக்கை ஜிப்பைத் திறக்கும், பையை அவிழ்க்கும். சோற்றுப் பருக்கையோ ரொட்டித் துணுக்கோ கீழே விழுந்தால் செவ்வெறும்பு வரும். அது கொட்டினால் மணிக்கணக்கில் எரியும். அடுப்புக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, சாப்பிட்டபின் அதை ஆற்றோரம் உதறி, விழுந்தவற்றைப் பொறுக்கிக் குப்பையில் போட வேண்டும். கரையில் எறும்புப் புற்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்தே முந்தைய குழுக்கள் எப்படிச் சமைத்தன என்று சொல்லிவிடலாம்.

இரவுச் சாப்பாடு வார்ப்பிரும்புச் சட்டியில். 12 அங்குலச் சட்டிக்கு 24 கரிக்கட்டி போதும்: அடியில் 8, மூடிமேல் 16. அடியில் கூடினால் தீய்ந்துவிடும். ஒதுங்கிய மரத்தைப் பொறுக்கி எரிக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அனுமதி. மற்ற மாதங்களில் கரியோ விறகோ கொண்டுவர வேண்டும். சாம்பலும் பெட்டியில் திரும்பி வரும்.

இந்தக் கரையே சிறியதாகிவிட்டது. பழைய படங்களில் அகலமான வெண்மணல், இப்போது பாதி இடத்தில் டாமரிஸ்க் புதர். மணலை மீட்க அணையிலிருந்து செயற்கை வெள்ளம் விடும் முறை 1996-இல் தொடங்கியது. அப்போது விநாடிக்கு 45,000 கன அடி, ஏழு நாள். 2023 ஏப்ரலில் 39,500 கன அடி, 72 மணி நேரம். ஆற்றடியில் கிடக்கும் பரியா மணலைக் கிளறி மேலே கரையில் ஏற்றும். வெள்ளம் வடிந்தவுடன் கரைகள் பெருகும், பிறகு தினசரி ஏற்ற இறக்கம் அவற்றை மெல்ல அரிக்கும். அதனால் இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல, பரியா மணல் கொடுக்கும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டியது.

செப்டம்பர் 22 – லிட்டில் கொலராடோ, மைல் 61

பளிச்சென்ற நீல நீருக்காக எல்லாரும் எதிர்பார்க்கும் இடம். வந்துசேர்ந்தது சாக்லேட் நிற வெள்ளம். மேலே மழை பெய்தால் சுண்ணாம்பு நீலம் இருக்காது. நவாஹோ மக்களுக்கும் ஹோப்பி மக்களுக்கும் புனிதமான சங்கமம் இது. இங்கே முகாமிட அனுமதி இல்லை. மேலிருந்து கம்பிவண்டி இறக்கிச் சுற்றுலா நடத்தும் திட்டத்தை நவாஹோ மன்றம் 2017-இல் வாக்களித்து நிராகரித்தது. ஆபத்துப் பட்டியலில் இருந்த கூன்முதுகுச் சப் மீன் முட்டையிடும் முக்கிய இடமும் இதுவே. 2021-இல் அதன் நிலை ஒரு படி தணிக்கப்பட்டது. இப்போது புதுக் கவலை: பவல் ஏரி தாழ்ந்து அணையின் வழியே வெதுநீர் வருவதால், 2022 முதல் அணைக்குக் கீழே ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் பெருகத் தொடங்கியது. அது சப் குஞ்சுகளைத் தின்னும்.

கலங்கல் நீர் வந்தால் குடிநீர் வேலை இரட்டிப்பாகும். நேராக வடிகட்டியில் விட்டால் சிறிது நேரத்தில் அடைத்துவிடும். நேராகக் குளோரின் போட்டால் சேறு அதைத் தின்றுவிடும், கிருமி சாகாது. முதலில் வாளியில் நிரப்பி, ஒரு சிட்டிகை படிகாரத்தூள் கலந்து மெதுவாகக் கலக்கி, இரவெல்லாம் அசையாமல் வைக்க வேண்டும். விடியலில் அடியில் இரண்டங்குலச் சேறு, மேலே தெளிநீர். அதை அலுங்காமல் மொண்டு வடிகட்டி, பிறகு குளோரின். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டால் 16 பேருக்கு 64 லிட்டர், சமையலுக்குத் தனி. முந்தைய மாலையே வாளிகள் நிரம்பியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 24 – ஹான்ஸ், ஃபாண்டம் ராஞ்ச், மைல் 88

ஹான்ஸில் பாறைகள் நிறைய, நீர் குறைவாக இருந்ததால் நேரம் பிடித்தது. மதியம் ஃபாண்டம் ராஞ்ச். குழாயில் நல்ல நீர், நிழல், எலுமிச்சைச் சாறு, கோவேறு கழுதைமேல் ஏறிப்போகும் அஞ்சலட்டைகள். பாதி வழியில் சேர்பவர்களும் இறங்குபவர்களும் மாறும் இடம் இதுதான். பிரைட் ஏஞ்சல் பாதையில் மேலே ஏறிப்போகப் பத்து மைல் அளவு. வெயிலில் அதை ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தூக்கமுடியாத பைகளோடு நின்ற இரண்டு பேருக்கு முன்பின் தெரியாத நடையாளிகள் சிலர் பாதிச் சுமையைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆள் மாறும் இடத்தில்தான் நோயும் மாறும். 2022-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை குறைந்தது 222 படகுப் பயணிகளுக்கும் நடையாளிகளுக்கும் வாந்தி, பேதி வந்தது. நோரோவைரஸ். மூடிய கூடம் இல்லாத ஆற்றில் எப்படி என்று கேட்கலாம். ஒரே கழிப்பறை, ஒரே கரண்டி, அடுத்தடுத்த இரவுகளில் ஒரே கரை. இதற்குத் தடுப்பு நான்கு வாளி: முதலில் குளிர்நீரில் மிச்சம் போகக் கழுவு, இரண்டாவது சூடான சோப்பு நீர், மூன்றாவது சூடான அலசல், நான்காவது அளந்து ஊற்றிய பிளீச் கலந்த குளிர்நீர். பிறகு துணியால் துடைக்காமல் வலையில் தொங்கவிட்டுக் காயவிட வேண்டும். நான்காவது வாளி சூடாக இருந்தால் பிளீச்சின் வீரியம் போய்விடும். அவசரத்தில் இதைத்தான் பலர் கெடுக்கிறார்கள். கைகழுவக் காலால் மிதிக்கும் பம்ப் ஒன்றைக் கழிப்பறைப் பாதையிலேயே வைக்க வேண்டும், சமையலிடத்தில் இன்னொன்று. கைக்கான ஆல்கஹால் ஜெல் இந்த வைரஸிடம் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் நீரும்தான்.

கழுவிய நீரைச் சல்லடையில் வடித்து ஆற்றின் ஓட்டத்தில் ஊற்றலாம். சல்லடையில் நிற்பது குப்பைப் பைக்கு. பக்கச் சிற்றாறுகளில் சோப்பு அறவே கூடாது.

செப்டம்பர் 25 – கிரிஸ்டல், மைல் 98

1966 டிசம்பர் வெள்ளத்தில் பக்கப் பள்ளம் கொண்டுவந்து கொட்டிய பாறைகளால் உருவான ரேபிட். 1983-இல் அணை நிரம்பி வழிந்தபோது இன்னும் மோசமானது. வலக்கரையை ஒட்டி ஓடினால் பெரிய குழியைத் தவிர்க்கலாம். எல்லாரும் அப்படியே போய்ச் சேர்ந்தோம். மாலையில் காற்று எதிர்த்து அடித்தது. ரேபிட்டைவிட அந்த மூன்று மைல் துடுப்புதான் தோளை முறித்தது.

செப்டம்பர் 28 – டீர் கிரீக், மைல் 136

ஆற்றோரம் 100 அடிக்கு மேல் நேராக விழும் அருவி. மேலே ஏறினால் சிற்றாறு குறுகிய பாறையிடுக்கில் ஓடுகிறது. தெற்குப் பாயூட் மக்களுக்குப் புனிதமான இடம். அந்த இடுக்குக்குள் கயிறு கட்டி இறங்குவதையும் ஏறுவதையும் நிர்வாகம் தடை செய்திருக்கிறது. கயிறு உரசிய தடங்கள் பாறையில் விழத்தொடங்கியதும் ஒரு காரணம். சுவரில் பழைய கைத்தடங்கள் உண்டு. தொட்டால் தோலின் எண்ணெய் சாயத்தை அழிக்கும்.

இரவு வானம் முழுக்க நட்சத்திரம். 2019-இல் பூங்காவுக்குச் சர்வதேச இருள்வானத் தகுதி கிடைத்தது. தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் மட்டும் போட்டால், எதிர்க்கரையில் தங்கியிருப்பவர்களுக்கும் அந்த வானம் மிஞ்சும்.

செப்டம்பர் 29 – ஹவாசு, மைல் 157

இந்த ஆற்றின் நெரிசல் முழுவதும் இங்கேதான் தெரிகிறது. நீலநீர்ச் சிற்றாற்றின் வாயில் ஒரு குறுகிய சந்து, அதில் சில படகுகளுக்கே இடம். மேலே கீழே பல மைலுக்குத் தங்குமிடம் சொற்பம். கிட்டத்தட்ட எல்லாக் குழுக்களும் ஒரே நாளின் ஒரே நேரத்தில் இங்கே நிற்க விரும்பும். வாயில் தங்கத் தடை. மழை மேகம் தெரிந்தால் சந்துக்குள் படகைக் கட்டுவதே ஆபத்து. திடீர் வெள்ளம் கயிற்றை அறுத்து அத்தனை படகுகளையும் ஒன்றாக ஆற்றுக்குள் தள்ளும்.

பெரும்பாலானவர்கள் மொத்த எண்ணிக்கையைக் குறைத்தால் நெரிசல் தீரும் என்று நினைக்கிறார்கள். அது பாதிதான். லீஸ் ஃபெர்ரியில் ஒரே நாளில் எத்தனை குழு கிளம்புகிறது, ஒவ்வொன்றும் எத்தனை பேர், எத்தனை வேகம் என்பதே ஹவாசுவில் எத்தனை படகு மோதும் என்பதை முடிவுசெய்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ராண்டி கிம்ப்ளெட்டும், அப்போது வடக்கு அரிசோனா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியராக இருந்த கேத்தரின் ராபர்ட்ஸும் மற்றவர்களும் சேர்ந்து, குழுக்கள் எழுதிக்கொடுத்த பயணக் குறிப்புகளை வைத்து ஆற்றை அப்படியே கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். கிளம்பும் அட்டவணையை மாற்றிப்போட்டு, எங்கே எத்தனை குழு சந்திக்கும் என்று முன்கூட்டியே பார்க்க முடிந்தது.

2006-இல் வந்த ஆற்று மேலாண்மைத் திட்டத்தின் எண்கள் அந்தப் பார்வையில் வந்தவை. ஒரே நேரத்தில் ஆற்றில் 60 குழுவுக்கு மேல் கூடாது. கோடையில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 கிளம்பல், முன்பு அது 9 வரை போனது. வணிகக் குழு கோடையில் 32 பேர் வரை, மற்ற பருவத்தில் 24. நிறுவனம் இல்லாமல் தாங்களே வரும் தனியார் குழுவுக்குக் கோடையில் 16 நாள், குளிர்காலத்தில் 25 நாள் வரை. ஆண்டுக்கு வணிகக் கிளம்பல் 598, தனியார் கிளம்பல் 503. ஆள்-நாள் கணக்கில் (ஒருவர் ஆற்றில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒன்று) வணிகப் பக்கம் 115,500, தனியார் பக்கம் 113,486 என்று கிட்டத்தட்டச் சமம். ஆனால் தலைக்கணக்கில் வணிகப் பயணிகள் 17,606, தனியார் 7,051. தனியார் குழுக்கள் மெதுவாக, நீளமாகப் போவதால் இந்த வித்தியாசம். எது நியாயமான பங்கு என்று வாதாடுகிறவர்கள் முதலில் எந்தக் கணக்கில் பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

அதே திட்டம்தான் பழைய காத்திருப்புப் பட்டியலை ஒழித்தது. 8,000 பேருக்கு மேல் வரிசையில், இருபது ஆண்டுவரை காத்திருப்பு. அதற்குப் பதிலாக எடைக் குலுக்கல்: பல ஆண்டுகள் போகாதவருக்கு ஐந்து வாய்ப்புவரை கூடும், போய்வந்தவருக்குக் குறையும். ஒருவர் ஓராண்டில் ஒரு பயணம்தான். பிப்ரவரியில் முக்கியக் குலுக்கல். பிறகு ரத்தாகும் தேதிகளுக்குச் சிறு குலுக்கல்கள். தேதி நெகிழ்வாக உள்ளவர்கள் குளிர்காலத்தைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இன்று சந்துக்குள் மூன்று குழுக்கள். டோரிக் குழு காலையிலேயே வந்திருந்தது. மற்றொரு குழு ஒரு மணி நேரத்தில் கிளம்பித் தங்கள் கட்டுமிடத்தைக் கொடுத்தது. அவர்கள் கேட்டுக்கொள்ளாமலே செய்தது அது. எண்களால் சாதிக்க முடியாத பகுதி இப்படித்தான் நிரம்புகிறது.

அக்டோபர் 1 – லாவா ஃபால்ஸ், மைல் 179

காலையிலிருந்து யாரும் அதிகம் பேசவில்லை. கரையில் ஏறி ஒரு மணி நேரம் பார்த்தாயிற்று. நடுவில் மேலேயே திண்ணைக் குழி, அதற்குள் போகவே கூடாது. இந்த மட்டத்தில் வலவழி: குழியின் வலது ஓரத்தை ஒட்டி நுழைந்து, இருபக்க அலைகளும் சேரும் இடத்தை நேராக முட்டி, கீழே வலப்பக்கக் கரும்பாறையிலிருந்து விலக வேண்டும். முதலில் போகும் இரண்டு படகுகள் கீழே சுழலில் கயிற்றுப்பையோடு காத்திருக்கும், அதன்பின் மற்றவை ஒவ்வொன்றாக. ஒரு படகு பக்கவாட்டில் திரும்பியது, ஒருவர் விழுந்தார், கயிறு போய்ச் சேர்ந்தது. நீர் குளிர்ந்ததுதான். உடனே ஈர உடையை மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, வெயிலில் உட்காரவைத்தார்கள்.

பார்த்து முடித்து வரும் பாதையில் அடுத்த குழு மேலே காத்திருந்தது. ஒரு குழு முழுவதும் கீழே போய்ச் சேரும்வரை மற்றது துடுப்பைத் தொடாது.

அக்டோபர் 3 – டயமண்ட் கிரீக், மைல் 226

ஹுவாலபாய் மக்களின் நிலம். துறைக்கும் சாலைக்கும் அவர்களுக்குத் தனிக் கட்டணம், முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். சாலை சுமார் 20 மைல், கீழ்ப்பகுதி ஓடைப் படுகையிலேயே போகிறது. மழை பெய்தால் மூடிவிடும். அதனால் கடைசி முகாமில் ஒரு நாள் உணவும் நீரும் மிச்சம் வைத்திருப்பது நல்லது. வந்துசேர வேண்டிய சரக்கு வண்டி மூன்று மணி நேரம் தாமதம். 16 பேர், எல்லாச் சாமானும் நிழலில்லாத கரையில். துறையை அடைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒருபக்கம் ஒதுக்கியதால் பின்னால் வந்தவர்கள் இறங்க முடிந்தது.

ராஃப்டைக் காற்றிறக்கி மடிக்கும் முன் மணலை நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மடிப்புக்குள் மணல் உரசி ரப்பர் தேயும். கழிப்பறைப் பெட்டிகளை அங்கீகரித்த கழிவிடத்தில் காலி செய்து கழுவ வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைமேட்டில் போடும் பழைய வழக்கத்துக்கு அனுமதி கிடையாது.

இதற்குக் கீழே இன்னொரு நதி. பகல் முழுக்க ஹெலிகாப்டர்கள், மிதவைப் படகுகள், ஹுவாலபாய் மக்களின் சுற்றுலா. அது அவர்களின் வருமானம், அவர்களின் நிலம், அவர்களின் முடிவு. வனாந்தரம் வேண்டி வருபவர்கள் இங்கே முடித்துக்கொள்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. தொடர்ந்து பியர்ஸ் ஃபெர்ரி வரை போகிறவர்கள் இடக்கரையை ஒட்டியே வர வேண்டும். மீட் ஏரி வடிந்தபின் ஆறு புதுவழி வெட்டிக்கொண்டு, இறங்குதுறைக்குக் கீழே ஒரு கொடிய ரேபிட்டை உருவாக்கிவிட்டது. துறையைத் தாண்டிவிட்டால் திரும்பி ஏறுவது கடினம். கடைசி வளைவுக்கு முன்பே எல்லாப் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் வந்துவிட வேண்டும்.